சோர்வுக்குச் சத்து மாத்திரை: வாங்குவதற்கு முன்னும் வாங்கிய பின்னும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுக் கடையில் கணக்கு எழுதுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் 4,860 கிராம் என்று எழுத வேண்டிய இடத்தில் 8,460 என்று எழுதிவிட்டு, மூன்று முறை கூட்டிப் பார்த்தும் தப்பு எங்கே என்று பிடிபடவில்லை. முதலாளி அண்ணன் திட்டவில்லை. "என்னம்மா, வீட்டுல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார், அது திட்டு வாங்குவதைவிட மோசமாக இருந்தது. வீட்டில் ஒன்றும் இல்லை. மதியம் இரண்டு மணிக்கு மேல் தலைக்குள் பஞ்சை அடைத்த மாதிரி ஆகிவிடும், சாயந்திரம் யாராவது சத்தமாகப் பேசினால் எரிச்சல் வரும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுத்தே கிடந்தாலும் திங்கட்கிழமை அதே கதைதான்.

அப்புறம் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். போனில் பார்த்து, பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டு, ஒரு மல்டிவைட்டமின், ஒரு அஸ்வகந்தா கேப்ஸ்யூல், மீன் எண்ணெய், ஞாபக சக்திக்கு என்று ஒரு சூரணம், நாலையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்தேன். பத்து நாள் நன்றாக இருந்தது (பணம் செலவழித்த சந்தோஷம் என்று இப்போது நினைக்கிறேன்), அதற்கு மேல் பழையபடி பஞ்சு, கூடவே வயிற்றெரிச்சல். எந்த டப்பா வயிற்றைக் கெடுத்தது, எது கொஞ்சமாவது உதவியது என்று சொல்லவே முடியவில்லை, ஏனென்றால் நாலும் சேர்ந்து போய்க்கொண்டிருந்தது. இந்தச் செலவை நீங்கள் செய்ய வேண்டாம்.

முதலில் ரத்தம், அப்புறம் மாத்திரை

என்ன குறைகிறது என்று தெரியாமல் விழுங்குவது, பேரேட்டைப் பார்க்காமல் கடன் அடைப்பது மாதிரி. பொது மருத்துவர் ஒருவரைப் பார்த்து, சோர்வுக்கு வழக்கமாகப் பார்க்கும் டெஸ்ட்களைக் கேளுங்கள்: முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் (உடம்பில் சேமிப்பில் இருக்கும் இரும்பின் அளவு), விட்டமின் பி12, விட்டமின் டி, தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், சர்க்கரை. நிறைய பேர் ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு "12 இருக்கு, ரத்தம் நல்லாத்தான் இருக்கு" என்று வந்துவிடுகிறார்கள். ஹீமோகுளோபின் கல்லாப்பெட்டி, ஃபெரிட்டின் பேங்க் இருப்பு. பேங்க்கில் காலியாகி ரொம்ப நாள் கழித்துத்தான் கல்லாவில் குறைய ஆரம்பிக்கும், அதற்கு முன்பே சோர்வு வந்துவிடும். ஃபெரிட்டின் 15க்குக் கீழே போனால் இரும்பு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம், 30க்குக் கீழே இருந்தாலே பல டாக்டர்கள் கவனிப்பார்கள். ஒன்று மட்டும், காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது ஃபெரிட்டின் தானாக ஏறிக் காட்டும், அதனால் உடம்பு சரியான பிறகு எடுங்கள். பி12 சாதாரணமாக 200க்குக் கீழே என்றால் குறைவு, 200 முதல் 300 வரை சந்தேகக் கணக்கு. விட்டமின் டி 20க்குக் கீழே குறைவு.

டெஸ்ட் எடுத்த பிறகுதான் மாத்திரை தொடங்க வேண்டும், முன்னால் இல்லை. பி12 மாத்திரை நாலு நாள் போட்டுவிட்டு ரத்தம் கொடுத்தால் அளவு நிறைந்து வழிகிற மாதிரி காட்டும், உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இன்னொரு வில்லங்கம், முடி கொட்டுவதற்கு என்று விற்கும் பயோட்டின் மாத்திரை. அது தைராய்டு டெஸ்ட்டின் ரிசல்ட்டையே மாற்றிக் காட்டிவிடும், இல்லாத தைராய்டு இருப்பது போலத் தெரியும். பயோட்டின் சாப்பிடுகிறவர் டாக்டரிடம் சொல்லி, இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு ரத்தம் கொடுக்கவும்.

என் ரிசல்ட் வந்தபோது பி12 162, ஃபெரிட்டின் 9, ஹீமோகுளோபின் 11.2, டி 14, தைராய்டு சரி. நான் அதுவரை வாங்கிய நாலு டப்பாவில் மல்டிவைட்டமினில் மட்டும் இதெல்லாம் பேருக்குக் கொஞ்சம் இருந்தது. மீதி மூன்றுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பி12

எங்கள் வீட்டில் கறி, மீன் கிடையாது, முட்டை எப்போதாவது. பி12 மாமிசம், மீன், முட்டை, பாலில்தான் இருக்கிறது, செடியில் கிடையாது. ஒரு முட்டையில் அரை மைக்ரோகிராம் அளவுக்கு, ஒரு டம்ளர் பாலில் ஒரு மைக்ரோகிராம் அளவுக்கு, நமக்கு ஒரு நாளைக்குத் தேவை இரண்டு சொச்சம். ஸ்பைருலினாவில் நிறைய இருக்கிறது என்று விற்கிறார்கள், அதில் இருப்பது பெரும்பாலும் உடம்பு பயன்படுத்த முடியாத போலி வடிவம். பழைய சோறு நல்ல சாப்பாடு, நானும் வெயில் காலத்தில் சின்ன வெங்காயத்தோடு சாப்பிடுகிறேன், ஆனால் 162இல் இருக்கும் பி12ஐ அதை நம்பி ஏற்ற முடியாது.

டாக்டர் கேட்ட ஒரு கேள்விதான் எனக்குப் புதுசு. "கேஸ் மாத்திரை தினமும் போடறீங்களா?" ஆமாம், இரண்டு வருடமாகக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு பான்டோப்ரசோல், மெடிக்கலில் கேட்டால் அட்டை அட்டையாகக் கொடுப்பார்கள். வயிற்று அமிலம்தான் சாப்பாட்டிலிருந்து பி12ஐப் பிரித்தெடுக்க உதவுகிறது, அமிலத்தை அமுக்கி வைத்தால் பி12 சரியாக ஏறாது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுகிறவர்களுக்கும் பல வருடம் போனால் இதே கதை. சேலத்தில் எத்தனை வீட்டில் இந்த இரண்டு மாத்திரையும் ஒரே டப்பாவில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அதற்காக யாரும் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், வருடம் ஒரு தடவை பி12 பாருங்கள், அவ்வளவுதான்.

பாதத்தில் மதமதப்பு, ஊசி குத்துவது போல, நடக்கும்போது தள்ளாட்டம், நாக்கு வழவழவென்று சிவந்து எரிச்சல், இதெல்லாம் இருந்தால் நரம்பு வரைக்கும் போயிருக்கலாம், ஊசியே போட்டுவிடுவார்கள், தள்ளிப்போடக் கூடாது. எனக்கு மாத்திரையே போதும் என்றார்கள், மெத்தில்கோபாலமின் 1500 மைக்ரோகிராம். தேவை இரண்டு, மாத்திரை 1500 என்று பார்த்தால் பயமாகத்தான் இருக்கும், ஆனால் இவ்வளவு பெரிய அளவில் சாப்பிடும்போது உடம்பு எடுத்துக்கொள்வது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான், மீதி வெளியே போய்விடும்.

பி காம்ப்ளெக்ஸ் வாங்குகிறவர்கள் இரண்டு விஷயம் பார்க்கவும். சிறுநீர் பளீர் மஞ்சளாகப் போனால் பயப்பட வேண்டாம், அது பி2. ஆனால் பி6 அளவு 50, 100 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் மாதக்கணக்கில் விழுங்க வேண்டாம், பி6 கூடினால் அதுவே நரம்பைக் கெடுத்துப் பாதத்தில் மதமதப்பைக் கொண்டுவரும். அதேபோல் பி12 பார்க்காமல் ஃபோலிக் ஆசிட் மட்டும் அதிகமாகச் சாப்பிட்டால் ரத்தசோகை சரியானது போலத் தெரியும், நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும்.

இரும்பும் ஏற்காட்டுக் காபியும்

என் அத்தை ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கிறார். வருடா வருடம் காபிக்கொட்டையை வறுத்து அரைத்து, சிக்கரி கலக்காமல், துணிப்பையில் கட்டி அனுப்புவார். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் 1820களில் அந்த மலைக்குக் கொண்டுவந்த பயிர் அது. எங்கள் வீட்டில் காலையில் எழுந்ததும் ஒன்று, இட்லிக்கு மேல் ஒன்று, சாயந்திரம் ஒன்று. நான் இரும்பு மாத்திரையை டிபன் சாப்பிட்ட கையோடு போட்டு, அந்த இரண்டாவது காபியால் விழுங்கிக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் ஆகியும் படியேறினால் மூச்சு வாங்குவது நிற்கவில்லை.

காபி, டீ இரண்டிலும் இருக்கும் துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பாட்டோடு காபி குடித்தால் இரும்பு ஏறுவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைகிறது, டீ இன்னும் மோசம். இதில் வேடிக்கை என்னவென்றால், காபி குடித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிட்டால் பாதிப்பு இல்லை, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடித்தால் கூடவே குடித்த மாதிரிதான் பாதிப்பு. அதனால் இப்போது என் முறை இது: எழுந்ததும் காபி, அதற்கு மேல் பதினொன்றரை வரை காபியே கிடையாது. மாத்திரை ஒன்பதரை மணிக்கு, பாதி எலுமிச்சை பிழிந்த தண்ணீரில். புளிப்பு இரும்பு ஏற உதவும். பால், கால்சியம் மாத்திரை எல்லாம் வேறு நேரத்துக்குத் தள்ளிவிட வேண்டும்.

தினமும் இரண்டு வேளை போட்டால் சீக்கிரம் ஏறும் என்று நினைப்போம். அப்படி இல்லை. ஒரு மாத்திரை உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்று ஒன்றைச் சுரந்து, அடுத்த 24 மணி நேரத்துக்குக் கதவைப் பாதி சாத்திவிடுகிறது. அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதலாக ஏறுகிறது, மலச்சிக்கலும் குமட்டலும் குறைகிறது. உங்களுக்கு எது சரி என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள், ரத்தசோகை கடுமையாக இருந்தால், அல்லது கர்ப்பிணி என்றால் கணக்கு வேறு. மலம் கறுப்பாகப் போகும், அது மாத்திரையின் நிறம். அட்டையில் மருந்தின் எடையைப் பார்க்காமல் அதில் இரும்பு எவ்வளவு என்று பாருங்கள், 200 மில்லிகிராம் ஃபெரஸ் சல்ஃபேட்டில் இரும்பு சுமார் 65தான். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் 60 மில்லிகிராம் இரும்போடு ஃபோலிக் ஆசிட் சேர்ந்த மாத்திரை இலவசமாகவே தருகிறார்கள், விலை கூடின டப்பாவில் இருப்பதும் அதே இரும்புதான்.

ஆண்களுக்கும், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால் மாத்திரையோடு விடக் கூடாது. ரத்தம் எங்கே போகிறது என்று குடலைப் பார்க்கச் சொல்வார்கள், வெட்கப்படாமல் போய்ப் பாருங்கள். குறைவு இல்லாதவர்கள் "ரத்தம் ஊறட்டும்" என்று இரும்பு சாப்பிடவே கூடாது, தேங்கினால் கல்லீரலைக் கெடுக்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்த டப்பா பரண் மேல் போகட்டும். சிவப்பு மாத்திரையை மிட்டாய் என்று நினைத்துக் குழந்தை தின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இதை அத்தையிடம் போனில் சொன்னபோது, "காபி குடிக்கக் கூடாத மாத்திரையா? அது என்ன மாத்திரை கண்ணு?" என்று கேட்டார். பேச்சோடு பேச்சாகத் தெரிந்தது, அவர் தைராய்டு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்து வாயில் போட்டுக் காலைக் காபியால்தான் விழுங்குகிறார், அதுவும் எத்தனையோ வருடமாக. தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில் தண்ணீரோடு, காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால். கால்சியம், இரும்பு, இவை கலந்த மல்டிவைட்டமின் எல்லாவற்றுக்கும் நாலு மணி நேர இடைவெளி. "குடிங்க அத்தை, தள்ளிக் குடிங்க" என்று நான் சொன்னதைவிட, அடுத்த தடவை டிஎஸ்ஹெச் இறங்கிவந்ததுதான் அவரை நம்ப வைத்தது. டோஸைக் கூட்டவே இல்லை.

விட்டமின் டி

சேலத்து வெயிலில் டி குறையுமா என்று சிரிப்பார்கள். நான் காலை ஒன்பது மணிக்குக் கடைக்குள் போனால் இரவு எட்டுக்குத்தான் வெளியே வருகிறேன், வெயில் வீதியில் கிடக்கிறது, என் மேல் எங்கே படுகிறது. வழக்கமாகக் கொடுப்பது 60,000 யூனிட், வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரம், சாப்பாட்டில் கொஞ்சம் எண்ணெயோ நெய்யோ இருக்கும்போது. வாரத்துக்கு ஒன்று என்பதை நாளுக்கு ஒன்று என்று தப்பாகப் புரிந்துகொண்டு மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கால்சியம் ஏறி, வாந்தி, தாகம், குழப்பம், சிறுநீரகம் வரைக்கும் போய்விடும். டி மனச்சோர்வைத் தடுக்கும் என்று விற்பதையும் நம்ப வேண்டாம். அமெரிக்காவில் 18,353 பேரில் பாதிப் பேருக்கு ஐந்து வருடம் கொடுத்துப் பார்த்து, தடுக்கவில்லை என்று 2020இல் சொல்லிவிட்டார்கள். குறைவு இருந்தால் சரிசெய்யுங்கள், மனசுக்கு என்று தனியாகச் சாப்பிட வேண்டாம்.

மூலிகை

அஸ்வகந்தா என்றால் நம்ம அமுக்கராக் கிழங்குதான். வேர்ச் சாறு 300 மில்லிகிராம் இரண்டு வேளை, எட்டு வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் படபடப்பும் தூக்கமும் ஓரளவு தேறியிருக்கின்றன. ஓரளவுதான். டப்பாவில் வேர் என்று இருக்க வேண்டும், இலை வேண்டாம் என்று ஆயுஷ் அமைச்சகமே 2021இல் சொல்லியிருக்கிறது. அரிதாகக் கல்லீரலைத் தாக்கும், கண் மஞ்சளாகவோ சிறுநீர் கறுப்பாகவோ போனால் அன்றைக்கே நிறுத்த வேண்டும். தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடும், கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது. டென்மார்க்கில் 2023இல் தடையே போட்டுவிட்டார்கள். நம்ம ஊர்ச் சரக்கு, அதனால் ஒன்றும் செய்யாது என்று நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஞாபக சக்திக்கு என்று விற்கும் பிராமியில் ஒரு பெயர்க் குழப்பம் உண்டு. ஆய்வு செய்தது பெரும்பாலும் நீர்ப்பிரமியை, நம்மில் பலர் நினைத்துக்கொள்வது வல்லாரையை. இரண்டும் வேறு செடி. நீர்ப்பிரமிக்குப் பலன் தெரிய மூன்று மாதம் ஆகும், சிலருக்கு வயிற்றுப்போக்கு வரும். வல்லாரை வேண்டும் என்றால் சூரமங்கலம் உழவர் சந்தையில் காலையில் சீக்கிரம் போனால் கட்டுக் கட்டாகக் கிடைக்கும், புளியும் மிளகாயும் வைத்துத் துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள். மருந்து என்று நினைக்காமல் கீரை என்று நினைத்தால் ஏமாற்றம் இல்லை.

மீன் எண்ணெயும் லேபிளும்

முன்பக்கம் 1000 மில்லிகிராம் என்று பெரிதாக இருக்கும். திருப்பிப் பார்த்தால் ஈபிஏ 180, டிஹெச்ஏ 120 (இரண்டும் ஒமேகா-3 கொழுப்பு வகைகள்). வேலை செய்வது அந்த 300தான், மீதி சாதாரணக் கொழுப்பு. மனச்சோர்வுக்கு ஏதாவது பலன் தெரிந்திருக்கிறது என்றால் அது ஈபிஏ அதிகமாக இருப்பதில்தான், அதுவும் சிகிச்சையோடு சேர்த்து. மீன் சாப்பிடுகிறவர்கள் வாரம் இரண்டு நாள் மத்தி வாங்கிக் குழம்பு வைப்பது இதைவிட மலிவு.

மெக்னீசியம் தசைப்பிடிப்புக்கும் தூக்கத்துக்கும் என்று விற்கிறார்கள். மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு அது சரியாகும், மற்றவர்களுக்குக் கழிவறையில்தான் பொழுது போகும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் தொடவே வேண்டாம்.

உணவுச் சத்து என்று விற்கும் எந்த டப்பாவாக இருந்தாலும் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் இருக்கிறதா, ஒவ்வொரு பொருளும் எவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருபது மூலிகையைச் சேர்த்து மொத்தமாக 500 மில்லிகிராம் "சிறப்புக் கலவை" என்று இருந்தால் கீழே வையுங்கள். மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று அதே டப்பாவில் சின்ன எழுத்தில் இருக்கும், அதையும் படியுங்கள்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள், மனசு நிஜமாகவே சரியில்லாதவர்கள்

எஸ்சிட்டலோப்ரம், செர்ட்ரலின் மாதிரி மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மனசுக்கு என்று விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, 5-ஹெச்டிபி என்ற சத்து மாத்திரை இரண்டையும் சேர்க்கவே கூடாது. செரட்டோனின் என்ற மூளை ரசாயனம் எகிறி, நடுக்கம், வியர்வை, காய்ச்சல், குழப்பம் என்று ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய்விடும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் கருத்தடை மாத்திரையின் பலத்தையும் குறைக்கும். அதேபோல, சத்து மாத்திரை தொடங்கிவிட்டோம் என்று டாக்டர் கொடுத்த மனநல மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, தூக்கம் கெட்டது, சாப்பாடு இறங்கவில்லை, அழுகை வருகிறது என்றால் அதற்கு பி12 தேடிக்கொண்டிருக்க வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தால் அன்றைக்கே, அப்போதே யாரிடமாவது சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், 104க்கும் கூப்பிடலாம். பலமாகக் குறட்டை விட்டு, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுகிறவர்களுக்கும் டப்பா உதவாது, தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

நோட்டு

கணக்கு எழுதுகிறவள் என்பதால் எனக்கு இது சுலபம், ஆனால் யாரும் செய்யலாம். எதையும் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே நாலு கட்டம் போட்டேன்: தூங்கிய நேரம், மதியம் மூன்று மணிக்குத் தெம்பு பத்துக்கு எத்தனை, மனசு பத்துக்கு எத்தனை, வயிறு. முதலில் பி12, இரண்டு வாரம் கழித்து இரும்பு, அப்புறம் டி. ஒன்றைத் தொடங்கினால் தேதி, பெயர், அளவு எழுத வேண்டும். இரும்பு, பி12 இரண்டுமே குறைவு என்றால் ஒன்றாகவும் தொடங்கலாம், அதை டாக்டர் சொல்வார். ஆனால் அஸ்வகந்தா மாதிரி கட்டாயம் இல்லாதவற்றைக் கண்டிப்பாகத் தனியாகத்தான் தொடங்க வேண்டும். எட்டு வாரத்தில் (நீர்ப்பிரமி என்றால் மூன்று மாதத்தில்) நோட்டு எண்கள் நகரவில்லை என்றால் அந்தக் கட்டாயம் இல்லாததை நிறுத்திவிடலாம், டப்பாவில் பாதி மிச்சம் இருக்கிறதே என்று பார்க்க வேண்டாம்.

என் மூன்று மணிக் கணக்கு முதல் வாரம் மூன்று, நாலு என்றே கிடந்தது. ஆறாவது வாரத்தில் ஆறு. ஹீமோகுளோபின் சரியான பிறகும் பேங்க் இருப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் இரும்பைத் தொடரச் சொன்னார்கள், தொடர்ந்தேன். கேஸ் மாத்திரையை டாக்டர் சொன்னபடி படிப்படியாகக் குறைத்து விட்டாயிற்று, மசாலா தூக்கலாகப் போட்ட தட்டுவடை செட் சாப்பிட்ட அன்றைக்கு மட்டும் அதன் ஞாபகம் வரும். இரும்பு நிறுத்தியாச்சு, டி முடிந்தாச்சு. பி12 மட்டும், கறி மீன் சாப்பிடாத வரைக்கும் விட முடியாது என்பதால், வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், பூஜை அறை அலமாரியில் விளக்குத் திரிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், மறக்காது.